பணம் கொடுத்தவர்களும் ஷியாம் பெனகலும்

ஷியாம் பெனகல் தம் முதல் முழுநீளக் கதைப்படத்தை எடுத்து முடித்தபோது அவருக்கு வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. ‘அங்குர்’ படத்தின் கதையை அவர் கல்லூரி நாட்களிலேயே எழுதிவிட்டார். ஹைதராபாத் வட்டாரத்தில் உண்மையில் நடந்த ஒரு சம்பவம்தான் அதற்கு அடிப்படை. அந்தக் கதையைக் கையில் வைத்துக்கொண்டு பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் தயாரிப்பாளர் தேடினார். பாட்டும் சண்டையும் பெரிய நட்சத்திரமும் இல்லாத கதைக்குப் பம்பாயில் யாரும் பணப்பையைத் திறக்கவில்லை. கடைசியில் முன்வந்தது பிளேஸ் என்ற நிறுவனம். திரையரங்குகளுக்கு விளம்பரப் படங்களை விநியோகிப்பது அதன் தொழில். படம் தொடங்குவதற்கு முன்னும் இடைவேளையிலும் ஓடும் விளம்பரங்களை ஊர் ஊராகக் கொண்டுசேர்த்துச் சம்பாதித்தவர்கள், 1974-இல் தெலங்கானாவின் நிலவுடைமைக் கொடுமையைப் பேசும் ஒரு படத்துக்கு முதல் போட்டார்கள்.

பெனகலைப் பற்றி எழுதும்போது ‘இணை சினிமாவின் முன்னோடி’ என்று தொடங்கி, ஷபானா ஆஸ்மி, ஸ்மிதா பாட்டீல், நசீருதீன் ஷா, ஓம் புரி என்று அவர் வளர்த்த நடிகர்களைச் சொல்லி, 2005-ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருதில் முடிப்பது வழக்கமாகிவிட்டது. அவையெல்லாம் உண்மைதான். ஆனால் 2024 டிசம்பர் 23 அன்று, தொண்ணூறு வயது நிறைந்த ஒன்பதாவது நாளில், அவர் மறைந்த பிறகு அவருடைய படங்களை வரிசையாகத் திரும்பப் பார்த்தபோது என் கவனம் வேறு இடத்தில் நின்றது. ஒவ்வொரு படத்துக்கும் பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அது. விளம்பர விநியோகஸ்தர்கள், குஜராத்தின் பால் உற்பத்தியாளர்கள், ஒரு வணிக சினிமா நட்சத்திரம், மேற்கு வங்க அரசு, கைத்தறிக் கூட்டுறவு அமைப்புகள், ரயில்வே, தூர்தர்ஷன், தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம், மத்திய அமைச்சகங்கள், கடைசியில் இரண்டு நாட்டு அரசுகள். இத்தனை விதமான கைகளிலிருந்து பணம் வாங்கிப் படமெடுத்த இன்னொரு இந்திய இயக்குநரை எனக்குத் தெரியாது.

பிறர் பணத்தில் எடுத்த படம் எப்படிப் பிறருடைய படமாக ஆகாமல் தப்புகிறது? பெனகலின் ஐம்பதாண்டு உழைப்பை இந்தக் கேள்வியோடு அணுகினால் அவருடைய வெற்றிகளும் சறுக்கல்களும் ஒரே ஒழுங்கில் வந்து விழுகின்றன. பணம் கொடுத்தவருக்கு மறுப்புச் சொல்லும் ஒரு குரலைப் படத்துக்குள் உயிரோடு வைத்திருந்த இடங்களிலெல்லாம் அவர் வென்றிருக்கிறார். அந்தக் குரல் இல்லாத இடங்களில், எவ்வளவு தேர்ச்சியோடு எடுக்கப்பட்டிருந்தாலும், படம் வெளிறிப்போகிறது.

பிறர் பணத்தில் படமெடுக்கும் பழக்கம் அவருக்கு விளம்பரத் துறையில் வந்தது. செகந்திராபாத்தை அடுத்த திருமலகிரியில் 1934 டிசம்பர் 14 அன்று பிறந்தவர். தந்தை தொழில்முறைப் புகைப்படக்காரர். பன்னிரண்டு வயதில் தந்தையின் கேமராவில் முதல் படத்தை எடுத்தார். உஸ்மானியாவில் பொருளாதாரம் படித்தார்; ஹைதராபாத் திரைப்படச் சங்கத்தைத் தொடங்கினார். குரு தத் அவருக்கு உறவினர் என்றாலும் அந்த வழியில் சினிமாவுக்குள் நுழையவில்லை. 1959-இல் பம்பாயில் லிண்டாஸ் விளம்பர நிறுவனத்தில் வாசகம் எழுதுபவராகச் சேர்ந்தார். அடுத்த பதினைந்து ஆண்டுகளில் விளம்பரப் படங்களும் நிறுவனங்களுக்கான ஆவணப் படங்களுமாகத் தொள்ளாயிரத்துக்கும் மேல் எடுத்தார். தினமும் ஒரு வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லி, அரை நிமிடத்துக்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லி, படச்சுருளை வீணாக்காமல் வேலை முடித்த அனுபவம் அது. வாடிக்கையாளர் விரும்புவது எது, அவரால் பொறுத்துக்கொள்ளக் கூடியது எது என்பதை அளந்து பார்க்கும் கண் அங்கேதான் அவருக்கு வாய்த்திருக்க வேண்டும். அதே ஆண்டுகளில் புனே திரைப்படக் கல்லூரியில் பாடமும் நடத்தினார். பிறகு இரண்டு முறை அதன் தலைவராகவும் இருந்தார்.

‘அங்குர்’ படத்துக்குப் பணம் கொடுத்தவர்களுக்குக் கதையில் எந்தப் பங்கும் இல்லை. நிலமோ சாதியோ அவர்களுடைய தொழிலைத் தொடவில்லை. ஆகவே பெனகலுக்கு அங்கே கிடைத்த சுதந்திரம் ஏறத்தாழ முழுமையானது. அதை அவர் பயன்படுத்திய விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஹைதராபாத்தில் படித்த நிலக்கிழாரின் மகன் சூர்யா, தந்தையின் கட்டாயத்தால் கிராமத்துப் பண்ணைக்கு வருகிறான். வீட்டு வேலை செய்யும் தலித் பெண் லட்சுமியிடம் தேநீர் போடச் சொல்கிறான். அவள் கையால் வாங்கிக் குடிப்பதா என்று ஊர் முணுமுணுக்கிறது. தனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்கிறான். அந்தக் கணத்தில் பார்வையாளருக்கு அவனைப் பிடித்துவிடுகிறது. அவன் சொல்வது பொய்யும் இல்லை. ஆனால் சாதியைப் பொருட்படுத்தாத அதே மனம் அவளைப் படுக்கைக்கு அழைக்கவும் தயங்குவதில்லை. அவள் கருவுற்றதும் அதே மனம் அவளைக் கைவிடுகிறது. காதுகேளாத, வாய்பேசாத அவளுடைய கணவன் கிஷ்டய்யா கள் திருடியதற்காக மொட்டையடிக்கப்பட்டு, கழுதைமேல் ஏற்றப்பட்டு, அவமானத்தில் ஊரைவிட்டுப் போயிருக்கிறான். அவன் திரும்பி வந்து, மனைவி உண்டாகியிருப்பதைக் கண்டு மகிழ்ந்து, வேலை கேட்கப் பண்ணைக்கு நடக்கிறான். தன்னை அடிக்கத்தான் வருகிறான் என்று பயந்துபோகும் சூர்யா அவனைச் சாட்டையால் விளாசுகிறான். லட்சுமி வாசலில் நின்று சாபமிடுகிறாள். சூர்யா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறான். ஒரு சிறுவன் கல்லெடுத்து அந்த வீட்டு ஜன்னலை உடைத்துவிட்டு ஓடுகிறான்.

அந்தக் கல்லைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது சூர்யாவின் பயம். முற்போக்கான பேச்சின் அடியில் உறைந்திருந்த உடைமைக்காரனின் பயத்தை, ஒரு வசனமும் இல்லாமல், பார்த்துக்கொண்டு நிற்கும் ஒருவனின் கண்களில் பெனகல் காட்டிவிட்டார். நகரத்துத் திரையரங்குகளில் அந்தப் படத்தைப் பார்க்க உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் சூர்யாவின் வர்க்கத்தினர். டிக்கெட் வாங்கியவர்களும் ஒரு வகையில் பணம் கொடுத்தவர்கள்தானே. மறுப்புக் குரல் அவர்களை நோக்கித்தான் எழுந்தது.

பேச்சுமொழியும் அந்தச் சுதந்திரத்தின் ஒரு பகுதி. அதுவரை இந்திப் படங்களின் கிராமத்தார் எந்த ஊரிலும் யாரும் பேசாத ஒரு பொதுக் கிராமிய இந்தியைப் பேசினார்கள். ‘அங்குர்’ ஹைதராபாத்தின் தக்கனி உருதுவைத் திரைக்குக் கொண்டுவந்தது. கோவிந்த் நிஹலானியின் ஒளிப்பதிவு உண்மையான வீடுகளையும் வயல்களையும் அவற்றின் சொந்த வெளிச்சத்தில் பிடித்தது. ஷபானா ஆஸ்மிக்கு இது முதல் படம். அவருக்கும் கிஷ்டய்யாவாக நடித்த சாது மெஹருக்கும் தேசிய விருது கிடைத்தது. படம் வசூலிலும் வென்றது. அந்த வெற்றி இல்லாமல் அடுத்த பத்தாண்டுகள் சாத்தியமாகியிருக்காது.

பிளேஸ் தொடர்ந்து பணம் போட்டது. ‘நிஷாந்த்’, ‘பூமிகா’, ‘மண்டி’ மூன்றும் அந்தத் தொடர்பில் வந்தவை. விஜய் தெண்டுல்கர் எழுதிய ‘நிஷாந்த்’ 1976-இல் கான் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவுக்குப் போனது. 1945-இன் தெலங்கானாவில் பள்ளி ஆசிரியர் ஒருவரின் மனைவியை ஜமீன்தாரின் தம்பிகள் தூக்கிச் செல்கிறார்கள். போலீசும் சட்டமும் கைவிரிக்கின்றன. முடிவில் ஊர் திரண்டு எழுகிறது. ஆனால் அந்தக் கூட்டம் கடத்தப்பட்ட பெண்ணையும் சேர்த்தே கொன்றுவிடுகிறது. கிளர்ச்சியைப் போற்றும் படம் கிளர்ச்சியின் குருட்டுத்தனத்தையும் மறைக்கவில்லை. மராத்தி நடிகை ஹன்சா வாட்கரின் தன்வரலாற்றை அடிப்படையாகக் கொண்ட ‘பூமிகா’ (1977) என் பார்வையில் அவருடைய ஆகச் சிறந்த படம். உஷாவாக வரும் ஸ்மிதா பாட்டீல் கணவன், நடிகன், இயக்குநர், பணக்கார நிலக்கிழார் என்று ஒவ்வொருவரிடமும் ஒரு வீட்டைத் தேடிப் போகிறாள். கடைசி ஆள்தான் மிகவும் பண்பானவனாகத் தெரிகிறான். அவன் வீட்டில்தான் வாசலைத் தாண்டி வெளியே போக அவளுக்கு அனுமதி மறுக்கப்படுகிறது. பெண்ணின் உழைப்பில் வாழும் சினிமாத் தொழிலைப் பற்றிய படம் இது. அதைச் சினிமாத் தொழிலின் ஓரத்திலிருந்து வந்த பணத்தில் எடுத்திருக்கிறார்.

‘மந்தன்’ இவற்றிலிருந்து வேறுபட்டது. இங்கே பணம் கொடுத்தவர்களே கதையின் மாந்தர்கள். வெண்மைப் புரட்சி பற்றி, அதை முன்னின்று நடத்திய வர்கீஸ் குரியனுக்காக ஆவணப் படங்கள் எடுத்திருந்த பெனகல், இதைக் கதைப்படமாக எடுத்தால் ஏற்கெனவே கூட்டுறவை நம்புபவர்களைத் தாண்டியும் போய்ச் சேரும் என்று கருதினார். குரியன் வழி கண்டுபிடித்தார். குஜராத்தின் கூட்டுறவு சங்கங்களில் பால் ஊற்றும் ஐந்து லட்சம் விவசாயிகள், அன்றைய பால் பணத்தில் ஆளுக்கு இரண்டு ரூபாயை விட்டுக்கொடுத்தார்கள். மொத்தம் பத்து லட்சம் ரூபாய். படத்தின் தயாரிப்பாளர்களாக அந்த ஐந்து லட்சம் பேரும் பெயர்ப்பட்டியலில் குறிப்பிடப்பட்டார்கள். 1976-இல் படம் வெளியானபோது ‘எங்கள் படம்’ என்று லாரிகளில் ஏறி நகரத்துக்கு வந்து பார்த்தார்கள். பிரீத்தி சாகர் பாடிய அதன் பாட்டைப் பிற்காலத்தில் அமுல் விளம்பரங்கள் வழியாக, படத்தைப் பார்க்காதவர்களும் அறிந்தார்கள்.

ஒரு நிறுவனத்தின் வெற்றிக்கதையை அந்த நிறுவனத்தின் உறுப்பினர்களே காசு போட்டு எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். இந்த நிலையில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் எடுப்பது புகழ்மாலை. பெனகலும் இதற்கும் திரைக்கதை எழுதிய தெண்டுல்கரும் எடுத்தது என்ன? கிரீஷ் கர்னாட் நடித்த கால்நடை மருத்துவர் ராவ் ரயிலில் வந்து இறங்குகிறார். வரவேற்க யாரும் இல்லை. ஊராருக்கு அவர்மேல் நம்பிக்கை இல்லை. மாட்டைப் பற்றி நகரத்தானுக்கு என்ன தெரியும் என்று பார்க்கிறார்கள். தனியார் பால் வியாபாரி மிஸ்ராவாக வரும் அம்ரிஷ் புரி மிரட்டாமல், சிரித்துப் பேசி, அவசரத்துக்குக் கடன் கொடுத்து ஊரை வைத்திருப்பவர். அவருடைய பேச்சில் நியாயம் போலத் தொனிப்பதை இயக்குநர் மழுங்கடிக்கவில்லை. ஊர்த்தலைவர் கூட்டுறவைத் தம் பையில் போட்டுக்கொள்ளப் பார்க்கிறார். நசீருதீன் ஷாவின் போலா, அரிஜனக் குடியிருப்பைச் சேர்ந்த இளைஞன், வந்த அதிகாரிகளை வெறுக்கிறான். அந்த வெறுப்புக்குக் காரணம் இருக்கிறது. முன்பு வந்த ஒரு நகரத்தான் அவன் தாயை ஏமாற்றிவிட்டுப் போயிருக்கிறான். ராவின் குழுவில் ஒருவனே அந்த ஊர்ப் பெண் ஒருத்தியிடம் அதையே திரும்பச் செய்கிறான். ராவ் அவனை அனுப்பிவிடுகிறார். ஆனால் நடந்தது நடந்துவிட்டது.

சங்கத் தேர்தல் காட்சியைக் கவனியுங்கள். பால் ஊற்றுபவர் எல்லோருக்கும் ஒரே வரிசை, எல்லோருக்கும் ஒரே வாக்கு. எவர் வீட்டுப் பாலாக இருந்தாலும் கொழுப்பின் அளவுதான் விலையைத் தீர்மானிக்கிறது. தலைமுறைகளாகத் தீண்டாமைக்கு உள்ளானவர்கள் தங்கள் ஆள் ஜெயித்ததைப் புரிந்துகொள்ளும்போது அவர்களின் முகங்களில் வியப்பு படர்ந்து பிறகுதான் மகிழ்ச்சி வருகிறது. பால் பரிசோதனைக் கருவி ஊரின் அதிகாரக் கணக்கையே மாற்றுகிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய இன்னொரு இந்தியப் படம் கிடையாது. ஆனால் அந்த வெற்றிக்குப் பின் குடிசைகள் எரிகின்றன. பொய்க் குற்றச்சாட்டில் ராவ் மாற்றப்படுகிறார். ஸ்மிதா பாட்டீல் நடித்த பிந்துவைக் கொண்டே அந்தக் குற்றச்சாட்டை எழுப்புகிறார்கள். ராவ் ரயிலேறிப் போய்விடுகிறார். சங்கத்தைத் தூக்கி நிறுத்துவது போலா. வெளியிலிருந்து வந்த நல்லவர் தோற்றுப் போனதாக முடியும் ஒரு படத்தை, வெளியிலிருந்து வந்து வென்ற குரியன் ஏற்றுக்கொண்டார் என்பது அவருடைய பெருமை. பிறகு அந்தப் படத்தைப் பிற மாநிலக் கிராமங்களுக்கு எடுத்துச்சென்று காட்டி, அதைக் கொண்டே கூட்டுறவுச் சங்கங்களைத் தொடங்க வைத்தார்கள்.

வெவ்வேறு வகைப் படச்சுருள்களில் எடுக்கப்பட்ட ‘மந்தன்’ நெகட்டிவ் காலப்போக்கில் சிதைந்துபோனது. பிலிம் ஹெரிட்டேஜ் பவுண்டேஷன் அதை மீட்டெடுத்தது. அந்தப் பணி சென்னை பிரசாத் நிறுவனத்திலும் இத்தாலியின் பொலோனா நகர ஆய்வகத்திலும் நடந்தது. 2024 மே மாதம் கான் விழாவின் செவ்வியல் பிரிவில் அது காட்டப்பட்டபோது பெனகல் உயிரோடு இருந்தார் என்பதில் எனக்கு ஒரு நிறைவு.

சசி கபூரின் தயாரிப்பில் வந்த ‘ஜுனூன்’, ‘கல்யுக்’ இரண்டையும் விரைவாகக் கடந்துவிடலாம். வணிகப் படங்களில் நடித்துச் சம்பாதித்ததை சசி கபூர் இங்கே கொண்டுவந்து கொட்டினார். அதற்காக அவரை மதிக்க வேண்டும். 1857 எழுச்சியில் சிக்கிய ஆங்கிலேயக் குடும்பத்தைப் பற்றிய ரஸ்கின் பாண்டின் கதையிலிருந்து உருவானது ‘ஜுனூன்’. பாரதக் கதையைப் பம்பாயின் தொழிலதிபர் குடும்பங்களுக்குள் கொண்டுவந்தது ‘கல்யுக்’. முன்னது இன்றும் நிற்கிறது. பின்னதில் பாத்திரங்கள் அதிகமாகி மூச்சு முட்டுகிறது.

அரசுப் பணம் அவரிடம் வந்த பிறகுதான் என் கேள்வி கூர்மையாகிறது. மேற்கு வங்க இடதுசாரி அரசு ‘ஆரோஹண்’ (1982) படத்துக்குப் பணம் கொடுத்தது. அப்போது அந்த அரசு குத்தகை விவசாயிகளின் பெயர்களைப் பதிவுசெய்து அவர்களுக்குச் சட்டப் பாதுகாப்புக் கொடுத்துக்கொண்டிருந்தது. ஓம் புரி நடித்த ஹரி மண்டல் தன் உரிமைக்காக நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்குகிறான். வழக்கு நீள்கிறது; குடும்பம் சிதறுகிறது. உரிமை கைக்கு வரும்போது இளமை போய்விட்டிருக்கிறது. சட்டம் இயற்றியவர்கள் பார்க்க விரும்பிய முடிவு படத்தில் இருக்கிறது. அதற்கு ஓர் ஏழை கொடுத்த விலையும் கூடவே இருக்கிறது. அதனால்தான் அது பிரச்சாரமாகச் சுருங்கவில்லை. ஓம் புரிக்குத் தேசிய விருது கிடைத்தது.

கைத்தறிக் கூட்டுறவு அமைப்புகளின் பணத்தில் எடுத்த ‘சுஸ்மன்’ (1987) தமிழ் வாசகர்களுக்கு ஒரு காரணத்தால் நெருக்கமானது. போச்சம்பள்ளி நெசவாளி ராமுலு, வெளிநாட்டுக் கண்காட்சிக்காகப் பட்டு நெய்கிறான். அவனுடைய மகளின் கல்யாணம் நெருங்குகிறது. வாழ்நாளெல்லாம் பட்டு நெய்தவன் வீட்டில் மகளுக்கு உடுத்தப் பட்டு இல்லை. கொடுத்த நூலில் கொஞ்சத்தை எடுத்து அவளுக்கு ஒரு சேலை நெய்கிறான், பிடிபடுகிறான், அவமானப்படுகிறான். ‘காஞ்சிவரம்’ பார்த்தவர்களுக்கு இந்த வலி தெரியும். பிரியதர்ஷனின் படம் வருவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே பெனகல் அந்தச் சேலையைத் திரையில் காட்டிவிட்டார். கைத்தறியின் பெருமையைச் சொல்லத்தான் அந்த அமைப்புகள் பணம் கொடுத்தன. கைத்தறியை வாங்குகிறவர் யார், நெய்கிறவருக்கு அதில் என்ன மிஞ்சுகிறது என்ற கேள்வியை அவர்கள் முன்னாலேயே போட்டார் பெனகல். படம் சில இடங்களில் விளக்கவுரையாகத் தளர்கிறது. தறிமுன் உட்கார்ந்திருக்கும் ஓம் புரியின் கைகள் தளரவில்லை.

தொலைக்காட்சிக்கு வந்தபோது பணமும் பெரிதானது. பார்வையாளர் எண்ணிக்கையும் பல கோடியானது. ரயில்வேக்காக எடுத்த ‘யாத்ரா’ (1986) கன்னியாகுமரியிலிருந்து ஜம்மு சென்ற ஹிம்சாகர் எக்ஸ்பிரஸில் ஓடுகிறது. ஒரு ரயிலை நாடாக்கும் எண்ணம் எளியது. பெட்டிக்குள் ஏறி இறங்குகிறவர்களின் தனித்தனிக் கதைகள் அதைக் காப்பாற்றின. 1988 நவம்பரில் தொடங்கிய ‘பாரத் ஏக் கோஜ்’ தொடரில் 53 பகுதிகள். நேரு சிறையில் எழுதிய ‘கண்டுணர்ந்த இந்தியா’தான் அடிப்படை. ரோஷன் சேட் நேருவாகத் தோன்றிப் பேசுவார். ஓம் புரியின் குரல் இன்னொரு விவரிப்பாளராகத் தொடரும். தூர்தர்ஷன் என்ற அதே அரசு ஊடகம் ராமாயணத்தையும் மகாபாரதத்தையும் பக்தித் தொடர்களாகக் காட்டி நாட்டையே வீட்டுக்குள் உட்கார வைத்த காலம் அது. வரலாற்றை நம்பிக்கையிலிருந்து பிரித்து, ஆய்வாளர்களைக் கேட்டு, நாடக நடிகர்களை வைத்துச் சொன்ன இந்தத் தொடருக்கு அவற்றின் கூட்டம் வரவில்லை. ஆனால் சிலப்பதிகாரத்துக்கு இரண்டு பகுதிகளும் சோழப் பேரரசுக்கு இரண்டு பகுதிகளும் ஒதுக்கி, கண்ணகியை இந்திப் பார்வையாளர்களின் கூடத்துக்குக் கொண்டுபோன முயற்சி அன்றைய தேசியத் தொலைக்காட்சியில் சாதாரணமானதல்ல. கங்கைச் சமவெளிதான் இந்தியா என்ற எண்ணத்தோடு வளர்ந்த ஒரு தலைமுறைக்கு அந்த நான்கு பகுதிகள் என்ன செய்தன என்று யாராவது முறையாக ஆராய வேண்டும்.

தொண்ணூறுகளில் அவர் மறுபடி சிறிய படங்களுக்குத் திரும்பினார். தரம்வீர் பாரதியின் நாவலைத் தழுவிய ‘சூரஜ் கா சாத்வாங் கோடா’ (1992), ஒரே சம்பவத்தை வெவ்வேறு கோணங்களில் திரும்பத் திரும்பச் சொல்லும் அதன் கட்டுமானத்துக்காக இன்றும் மாணவர்களுக்குக் காட்டப்பட வேண்டியது. பத்திரிகையாளர் காலித் முகமது எழுதிய ‘மம்மோ’, ‘சர்தாரி பேகம்’, ‘ஜுபைதா’ மூன்றும் முஸ்லிம் பெண்களின் வாழ்வைச் சொன்னவை. இவற்றில் ‘மம்மோ’ (1994) என்னை விடாமல் தொடர்கிறது. பிரிவினையில் பாகிஸ்தானுக்குப் போன மூதாட்டி, கணவர் இறந்தபின் பம்பாயிலிருக்கும் சகோதரியிடம் வந்து சேர்கிறாள். விசாவை நீட்டிக்க அலுவலகம் அலுவலகமாக அலைகிறாள். போலீஸ் வந்து அவளைப் பிடித்து ரயிலேற்றி எல்லைக்கு அனுப்புகிறது. அரசு நிறுவனத்தின் பணத்தில் எடுத்த படத்தில் வில்லன் என்று எவரும் இல்லை. அரசின் விதி மட்டும் இருக்கிறது. பணம் கொடுத்தவருக்கான மறுப்புக் குரல் ஃபரீதா ஜலாலின் ஓயாத பேச்சிலும் சிரிப்பிலும் கேட்டுக்கொண்டே இருக்கிறது. ‘ஜுபைதா’ (2001) நட்சத்திரங்களோடும் ஏ.ஆர். ரஹ்மானின் இசையோடும் வந்து பரவலாக ஓடியது. ரஹ்மான் பிறகு நேதாஜி பற்றிய படத்திலும் அவரோடு பணியாற்றினார்.

அமைச்சகங்களுக்காக எடுத்த படங்களில் ‘ஹரி-பரி’ (2000) குடும்பநலச் செய்தியைச் சுமந்து தளர்கிறது. ஐந்து பெண்களின் கதைகள் ஐந்து பாடங்களாக நிற்கின்றன. ஆனால் அதற்கு முன்னால் வந்த ‘சமர்’ சிறந்த படத்துக்கான தேசிய விருது பெற்றது. அதைப் பெறத் தகுந்த படம்தான். மத்தியப் பிரதேசக் கிராமம் ஒன்றில் தலித்துகளுக்கு நடந்த கொடுமையைப் படமெடுக்க பம்பாயிலிருந்து ஒரு குழு வருகிறது. உண்மையில் அதை அனுபவித்தவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, அவர் வேடத்தை ஒரு தலித் நடிகர் ஏற்கிறார். ஆதிக்க சாதிக்காரராக நடிப்பவருக்கும் இவருக்கும் இடையே கேமரா ஓடாத நேரத்திலும் அந்தப் பகை தொடர்கிறது. முற்போக்காளர் என்று தம்மை எண்ணிக்கொண்டிருக்கும் நகரத்துக் குழுவுக்குள்ளேயே சாதி குடியிருக்கிறது. ‘அங்குர்’ தொடங்கி இருபத்தைந்து ஆண்டுகளாகக் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிராமங்களுக்குப் போன ஒருவர் அந்தக் கேமராவைத் தம் குழுவின் பக்கம் திருப்பிய படம் இது. இங்கே மறுப்புக் குரல் பணம் கொடுத்த அமைச்சகத்தைத் தாண்டி, படம் எடுப்பவரையே கேள்வி கேட்கிறது. இந்தத் துணிவு அவருக்கு முன்னும் பின்னும் இந்தி சினிமாவில் அரிது. இவ்வளவு குறைவாகப் பேசப்பட்ட முக்கியப் படமும் அவர் வரிசையில் வேறில்லை.

தலைவர்களைப் பற்றிய படங்களுக்கு வருவோம். இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் சேர்ந்து தயாரித்த ‘தி மேக்கிங் ஆஃப் தி மகாத்மா’ (1996), பாத்திமா மீரின் நூலை அடியொற்றியது. இரண்டு நாடுகளுக்கும் காந்தி தேவைப்பட்ட தருணம் அது. அந்தப் படத்தில் காந்தியை எதிர்ப்பவர் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார். பல்லவி ஜோஷியின் கஸ்தூர்பா, கணவனின் கொள்கைகளுக்குத் தன் நகைகளும் பிள்ளைகளின் படிப்பும் பலியாகக் கேட்கப்படும்போதெல்லாம் பதில் பேசுகிறார். அந்தப் பதில்களால் ரஜித் கபூரின் காந்தி சதையும் எலும்பும் உள்ள மனிதராகிறார். 2014-இல் மாநிலங்களவைத் தொலைக்காட்சிக்காகப் பத்துப் பகுதிகளில் எடுத்த ‘சம்விதான்’, அரசியல் நிர்ணய சபையின் விவாதங்களை நாடகமாக்கியது. அங்கே மறுப்புக் குரலைத் தனியாகத் தேட வேண்டியதில்லை. மூலப்பொருளே ஒருவரை ஒருவர் மறுத்துப் பேசிய பேச்சுகள்தான். எண்பதை எட்டும் வயதில், ஒரே மண்டபத்துக்குள் நடக்கும் பேச்சை மட்டும் வைத்து ஒரு தொடரை அவரால் விறுவிறுப்பாக எடுக்க முடிந்தது.

வங்காளதேசத் தலைவர் முஜிபுர் ரகுமானைப் பற்றி 2023-இல் வந்த ‘முஜிப்’ அவருடைய கடைசிப் படம். இந்திய, வங்காளதேச அரசு நிறுவனங்கள் சேர்ந்து தயாரித்தன. வங்காளதேசத்தின் அன்றைய பிரதமர் ஷேக் ஹசீனா கதாநாயகரின் மகள். பணம் கொடுத்தவர், கதைநாயகர், கதையின் பொருள் எல்லாம் ஒரே குடும்பத்தில், ஒரே அரசில் வந்து கூடிய நிலை பெனகலுக்கு அதற்கு முன் வாய்த்ததில்லை. முஜிபுர் ரகுமான் 1975-இல் நாட்டை ஒரே கட்சியின் ஆட்சிக்குக் கொண்டுபோனதைக் கேட்டு நிற்கும் வலுவான ஆள் படத்தில் யாரும் இல்லை. கஸ்தூர்பாவுக்குக் கொடுத்த இடத்தை முஜிபின் மனைவிக்குக் கொடுத்திருந்தால்கூடப் போதும். அவர் துணையாக மட்டும் வருகிறார். காட்சிகள் ஒழுங்காக இருக்கின்றன, நடிகர்கள் உழைத்திருக்கிறார்கள். படம் ஒரு நினைவு மண்டபத்தின் சுவர் ஓவியம் போலத் தட்டையாக நிற்கிறது. எண்பத்தெட்டு வயதில் இவ்வளவு பெரிய படத்தைக் கட்டி மேய்த்த உழைப்பை நான் வணங்குகிறேன். ஆனால் ‘மந்தன்’ எடுத்தவரிடம் எதிர்பார்த்தது இதை அல்ல என்று சொல்லாமல் விட்டால் அவரை மதிப்பதாக ஆகாது.

இந்தச் சறுக்கலை வைத்து அவரை அரசின் ஆளாகக் கருதிவிடக் கூடாது என்பதற்கு வலுவான சான்று அவர் எடுத்த படங்களுக்கு வெளியே இருக்கிறது. 2006 முதல் 2012 வரை நியமன உறுப்பினராக மாநிலங்களவையில் இருந்தவர் அவர். 2016 ஜனவரியில் மத்திய அரசு திரைப்படத் தணிக்கையைச் சீரமைக்க ஒரு குழு அமைத்து அவரைத் தலைவராக்கியது. வாழ்நாளெல்லாம் அரசுகளிடமும் நிறுவனங்களிடமும் பணம் வாங்கியவர், அந்த ஏப்ரலில் கொடுத்த அறிக்கையில், தணிக்கை வாரியத்தின் வேலை எந்த வயதினர் பார்க்கத் தகுந்த படம் என்று சான்று கொடுப்பது மட்டுமே, காட்சிகளை வெட்டச் சொல்வது அதன் வேலை அல்ல என்று பரிந்துரைத்தார். பார்வையாளர்களை வயதுவாரியாக இன்னும் நுட்பமாகப் பிரிக்க வேண்டும் என்றும் அந்த அறிக்கை சொன்னது. 2023-இல் திரைப்படச் சட்டம் திருத்தப்பட்டபோது வயதுப் பிரிவுகள் வேறு வரம்புகளோடு சட்டத்துக்குள் வந்தன. வெட்டும் அதிகாரம் வாரியத்திடமே விடப்பட்டது.